அடையாற்று முகத்துவாரத்தில் ஒரு விலாங்கு

ஒரு மீனின் வயிற்றைப் பார்ப்பதற்காக மூன்று வருஷம் கடல் தாண்டிப் போய்வந்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். முதல் வருஷம் மதராசில் மழை பொய்த்தது. இரண்டாம் வருஷம் மழை வந்தது. கூடவே எனக்கு விஷக்காய்ச்சலும் வந்தது. மூன்றாம் முறையாக ஐப்பசியில் மயிலாப்பூரில் வண்டியை விட்டு இறங்கியபோது வானம் கறுத்துக் கிடந்தது. சந்தோஷப்பட வேண்டியவன் நான். ஆனால் அண்ணாந்து பார்த்து, 'இந்த முறை எனக்கு என்ன கேடு வைத்திருக்கிறாய்?' என்றுதான் கேட்டேன்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியில் பிராணி சாஸ்திரம் படிப்பிக்கிறவன் நான். கடல் பிராணிகளைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்குவதென்று மதராஸ் சர்வகலாசாலையில் பதிந்துகொண்டேன். எடுத்துக்கொண்ட பிராணி விலாங்கு. அது ஆற்றிலும் ஏரியிலும் வளரும், முட்டையிட மட்டும் கடலுக்குப் போகும், போனது திரும்பாது. இருநூறு பக்கம் எழுதி அனுப்பினேன். லண்டனிலிருந்த பரீட்சகர் நாலு வரியில் பதில் எழுதினார். எல்லாம் நன்று, ஆனால் ஆற்றை விட்டுக் கடலுக்குள் போகிற சமயத்தில் பெண் விலாங்கின் சினை எவ்வளவு முற்றியிருக்கிறது என்று காட்டவில்லை. அப்படிப்பட்ட ஒரே ஒரு மீனைக் காட்டினால் பட்டம், இல்லாவிட்டால் இல்லை.

யாழ்ப்பாணத்தில் ஆறு என்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது? கிணறும் குளமும்தான். ஆகவே அடையாறு. மழைக்கு முன் அடையாற்றின் வாய் மணலால் அடைபட்டிருக்கும். வெள்ளம் ஏறிக் குடிசைக்குள் வருவதற்கு முன் குப்பத்து ஆண்கள் மண்வெட்டியோடு போய் அந்த மணல் திட்டை வெட்டிவிடுவார்கள். தண்ணீர் கடலுக்குள் பாயும்போது விலாங்கும் போகும். வருஷத்தில் அந்த ஓரிரு நாள்தான். அந்த நாளில் நான் அங்கே இருக்க வேண்டும். இந்த வருஷத்தோடு என் பதிவும் காலாவதி. ஊரிலோ என் மாமனார் இப்போதே சந்தைக்குச் சந்தை "எங்கட டொக்டர் மருமகன்" என்று சொல்லித் திரிகிறார்.

மயிலாப்பூரில் நான் தங்குவது கோயிலுக்குத் தெற்கே ஒரு கோர்ட்டு குமாஸ்தாவின் வீட்டில், முன்னறையில். குமாஸ்தா பேசி நான் கேட்டதில்லை. அவருக்கும் சேர்த்து அவர் மனைவி பேசுவார். நானும் அவரை மாமி என்றே அழைப்பேன். "வாங்கோ, வாங்கோ. போன வருஷம் ஜுரத்துல கிடந்தேளே, இப்போ தேவலையா? கடல்ல ஏதோ ஆராய்ச்சின்னு சொல்லிண்டிருந்தேளே, என்ன ஆராய்ச்சி, உப்பா?" என்று கேட்டார். இவருக்கு மீன் என்று சொன்னால் என் பெட்டி தெருவுக்கு வந்துவிடும். "ஓம், உப்பும்தான்" என்றேன். கேள்வி நிற்க வேண்டுமென்றால் எங்கள் ஊர் ஆமாமாகிய 'ஓம்' போட்டுவிடுவது என் பழக்கம். அந்தப் பழக்கம்தான் என் குடியைக் கெடுத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மாமியின் சமையலைக் குறை சொன்னால் நாக்கு அழுகும். வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் தேவாமிர்தம். ஆனால் பச்சரிசிச் சோறு. ஊரில் குத்தரிசிச் சோறும் தேங்காய்ப்பால் சொதியுமாகச் சாப்பிட்ட வயிற்றுக்கு அது இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. நான் பரம்பரைச் சைவன். மீனை அறுப்பேன், படம் வரைவேன், ஸ்பிரிட்டில் போட்டுப் புட்டியில் அடைப்பேன், வாயில் வைத்ததில்லை. குப்பத்திலிருந்து வரும்போதெல்லாம் கொல்லைப்புறமாக நுழைந்து கிணற்றடியில் தலை முழுகிவிட்டுத்தான் உள்ளே போவேன். "எவ்வளவு ஆசாரம் பாருங்கோ இந்தப் பிள்ளையாண்டானுக்கு" என்று மாமி அடுத்த வீட்டில் மெச்சிக்கொண்டதாகக் கேள்வி.

இரண்டாம் நாள் என் ஆராய்ச்சிக்குப் பொறுப்பான பேராசிரியரைப் பார்க்கத் தியாகராய நகருக்குப் போனேன். பஸ் பாதி வழியில் சேற்றில் இறங்கிவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். என்னோடு தள்ளிய இரண்டு தெலுங்கு வியாபாரிகள் ஏதோ சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னவென்று கேட்டதற்கு ஒருவர் தமிழில் சொன்னார்: "ஏரியில போய் வீடு கட்டினா, ஏரி வந்து வீட்டுல குடியிருக்கத்தானே செய்யும்?" உண்மைதான். சில வருஷம் முன்புவரை அந்த இடம் பெரிய ஏரி. இப்போது அதை மேடாக்கி அகல அகலமாக வீதி போட்டு, பாத்தி கட்டின மாதிரி வீடு வைத்திருக்கிறார்கள்.

பேராசிரியரின் புது வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறியிருந்தது. "சின்ன வயசுல இங்கே தூண்டில் போட்டு விலாங்கு பிடிச்சிருக்கேன், தெரியுமா?" என்றார். உங்கள் கூடத்துக்கு அடியில்தான் அதன் வம்சம் புதைந்து கிடக்கிறது என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. நல்ல மனிதர். என் தீசிஸைத் தூக்கிக்கொண்டு எனக்காக எத்தனையோ பேரிடம் பேசியவர். வாசல்வரை வந்து, "இனிமே தவணை கேட்க என்னால முடியாதுய்யா. இந்த மழையில ஒண்ணு கொண்டுவந்துடுங்க. முழு மீன், வயிறு கிழிக்காம. என் கண் முன்னாடி கிழிப்போம்" என்றார்.

மறுநாள் மயிலாப்பூர் கடைத்தெருவில் தகரக் கடை வைத்திருக்கும் பாயிடம் மூடி போட்ட தகரப் பெட்டி ஒன்று செய்யச் சொன்னேன். பாய் வீட்டில் உருது, கடையில் தமிழ். அளவு சொன்னால் போதாதாம். உள்ளே என்ன வைக்கப் போகிறாய் என்று தெரியாமல் தகரத்தை வெட்ட மாட்டாராம். வேறு வழியில்லாமல் விலாங்கின் கதையை முழுக்கச் சொன்னேன். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "அச்சா! அப்போ புள்ள பெக்கப் போற வழியில அதை நிறுத்தி, எத்தனை மாசம்னு பாக்கணும், அவ்ளோதானே சார்?" என்றார். லண்டன் பரீட்சகர்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. பெட்டியின் உள்ளே மீன் மடங்காமல் கிடக்கத் தட்டு ஒன்றும் அவரே யோசித்து வைத்துக் கொடுத்தார். விளக்கிச் சொன்னால் மனிதர்களுக்குப் புரியும் என்று அன்றைக்காவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நாலாம் நாள் பெட்டியோடு அடையாற்றுப் பாலம் தாண்டிக் குப்பத்துக்குப் போனேன். எனக்கு அங்கே எல்லப்பன் என்ற மீனவரையும் அவர் மனைவி கன்னியம்மாவையும் முதல் வருஷத்திலிருந்தே பழக்கம். எல்லப்பன் அளந்து பேசுவார். கன்னியம்மாவுக்கு அளவே கிடையாது.

முதல் வருஷம் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். விலாங்கு வேண்டும் என்று நான் கேட்டதும் கன்னியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இன்னா நைனா, மயிலாப்பூர்ல ஐயரு வூட்ல தங்கிகினு, நெத்தி நெறைய விபூதி பூசிகினு, விலாங்கு கேக்குறே? இன்னாத்துக்கு?" என்றார். விலாங்கு கடலுக்குப் போகும் கதையை ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டார். "மூலமா நைனா? அத்த சொல்றதுக்கு இன்னா வெக்கம்? எங்க மாமனாருக்கும் அதான். விலாங்கு துன்னாரு, மூணே நாள்ல கேட்டுச்சு." வெயில் மண்டையைப் பிளந்தது. தாகம் வேறு. "ஓம் அக்கா" என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு ராஜ உபசாரம். நான் போனால் எல்லோரும் கட்டுமரத்து விளிம்பில் குந்துவார்கள். எனக்கு மட்டும் கன்னியம்மா பழைய வலையை மெத்தை மாதிரி மடித்துப் போடுவார். "பாத்து குந்து நைனா, மெதுவா" என்பார். மூன்று வருஷம் நான் அந்த வலையின் மேல் சுகமாக உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்ல எத்தனையோ நாள் கிடைத்தது. வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். வாய் இருந்தும் நான் வலை மெத்தையை விட்டு நகரவில்லை.

இந்த முறை பெட்டியை எல்லப்பனிடம் கொடுத்து, "அண்ணை, முழுசா வேணும். கிழிக்கப்படாது. இதுக்குள்ள அப்பிடியே போட்டு வையுங்கோ" என்று மூன்று தரம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "வெள்ளிக்கெழம அம்மனுக்குப் பொங்க வச்சிட்டு வாய வெட்டுவோம். வெடிகாத்தால வந்துடு" என்றார். பொங்கல் வைக்காமல் ஆற்றின் வாயைத் தொட மாட்டார்கள். ஆகவே வெள்ளிக்கிழமை என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

புதன்கிழமை மத்தியானம் பிடித்த மழை வியாழக்கிழமை விடிந்தும் விடவில்லை. காலையில் கொல்லைப்புறத்தில் பால்காரர் மாமியிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "அடையாத்து வாய வெட்டிட்டாங்களாம்மா. விடிகாலமே. குப்பத்துக்குள்ள தண்ணி பூந்துருச்சாம்." சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். "சித்த இருங்கோ, காபி கலந்துட்டேன். வெறும் வயித்தோட மழையில போகாதேள்" என்று மாமி வாசலை மறித்துக்கொண்டு நின்றார். நின்று குடித்தேன். அந்தக் காபியின் ஒவ்வொரு வாயும் இன்றைக்கும் என் தொண்டையில் நிற்கிறது.

ஜட்கா கிடைத்தது. சாந்தோம் தாண்டியதும் தெருவில் முட்டளவு தண்ணீர். குதிரை நின்றுவிட்டது. வண்டிக்காரர் தட்டினார், கொஞ்சினார், அதன் வம்சத்தையே வைதார். அது காதை மட்டும் ஆட்டியது. "தண்ணில காலு தெரியாங்காட்டி அது போவாது சார். அத்த அடிச்சா நம்மள கவுத்துடும்" என்றார். சொல்லி வாய் மூடவில்லை. குதிரை பின்னால் நகர்ந்து சக்கரம் சாக்கடையில் இறங்கியது. நான் தெருவில் இறங்கி நடந்தேன். நடந்தேன் என்பது மரியாதைக்கு. விழுந்து எழுந்து போனேன். பாலத்தின் மேலிருந்து பார்த்தால் ஆறு சிவப்பாகச் சுழித்துக்கொண்டு கடலைப் பார்த்து ஓடியது. என் மூன்று வருஷமும் அதோடு ஓடுகிற மாதிரி இருந்தது. குப்பத்துக்குப் போய்ச் சேர உச்சி வேளையாகிவிட்டது.

கன்னியம்மா என்னைக் கண்டதும் கையைத் தட்டிக்கொண்டு ஓடி வந்தார். "எங்க நைனா பூட்டே? தண்ணி வூட்டாண்ட வந்துச்சு, வெள்ளிக்கெழம வரிக்கும் யாரு பாத்துகினு இருப்பா? அம்மனாண்ட மன்னிப்பு கேட்டுகினு வெட்டிட்டாங்க. உனக்கோசரம் ஒண்ணு மாட்டிச்சு. எம்மாம் பெருசுன்றே! என் கை நீளம் கீது!"

கிடைத்துவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எங்க அக்கா? பெட்டிக்குள்ளயோ?" என்றேன்.

"இரு" என்று குடிசைக்குள் போனார். வெளியே வரும்போது கையில் வாழை இலைப் பொட்டலம். பிரித்துக் காட்டினார். தோல் உரித்து, கழுவி, ஒரே அளவாகத் துண்டு போட்டு, உப்பும் மஞ்சளும் தடவிய மீன். "அப்டியே எடுத்துகினு போனா அந்த ஐயரு வூட்ல உன்ன உள்ள வுடுவாங்களா? வாடை வராம சுத்தம் பண்ணி வச்சிகிறேன். ஒரு பய கண்டுபுடிக்க மாட்டான்."

எல்லப்பன் குடிசை வாசலிலிருந்து, "பொட்டியிலதான் போட்டு வச்சேன். முழுசா கேட்டாருன்னு சொன்னேன். இவ கேட்டாத்தானே" என்றார்.

"நீ சும்மா கெட. அவரு வெக்கப்பட்டுகினு முழுசா முழுசான்றாரு. அவரு எங்க போயி அறுப்பாரு?" என்றார் கன்னியம்மா.

துண்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். கடைசியில், "அக்கா, வயித்துக்குள்ள இருந்தது எங்க?" என்று கேட்டேன்.

"சினையா? அத்த போடுவாங்களா? அதான் மருந்தே." உள்ளே போய் மண்சட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். மிளகாயும் மஞ்சளும் போட்டு நல்லெண்ணெயில் வதக்கியிருந்தது. ஆவி பறந்தது.

கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? நல்லது செய்தவரையா? நான் குனிந்து, "எப்பிடி இருந்தது எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

"மத்த மீனு சினை மாரி பை கணக்கா இல்ல நைனா. பொடவ கொசுவம் வச்சா மாரி, ரெண்டு பக்கமும் தலையிலேந்து வாலு வரிக்கும் மடிப்பு மடிப்பா. வெள்ள வெளேர்னு. கிட்ட வச்சிப் பாத்தா ரவ கணக்கா மணி மணியா தெரிஞ்சுது."

புத்தகத்தில் போட்டிருப்பது அச்சாக அதுதான். விலாங்கின் சினை பையாக இராது; மடிப்பு நாடாவாகத்தான் இருக்கும். கண்ணுக்கு மணி தெரிந்தது என்றால் நான் நினைத்ததைவிட முற்றிய சினை. மூன்று வருஷம் நான் தேடியதை இந்த மனுஷி இரண்டு கையாலும் அள்ளிப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு எனக்காக வதக்கியிருக்கிறார்.

என் ஜோல்னாப் பையிலிருந்து சின்னப் புட்டியை எடுத்து, ஒரு கரண்டி சினையை அதில் போட்டுக்கொண்டேன். "ராவிக்கு ஒரு வேள எடுத்துக்கிறியா? நல்லது. மீதிய இங்கியே துன்னு. சூட்டோட துன்னாத்தான் கேக்கும்" என்று எதிரில் குந்திக்கொண்டார். நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த எனக்குத் தன் முந்தானையால் தலை துவட்டிவிட்டவர் அவர். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. பிறந்தது முதல் மீன் தொடாத வாயில் வைத்தேன். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று ஊரெல்லாம் அழும். எனக்கு வாய்க்கு எட்டியது, கைக்கு எட்டவில்லை. ருசி எப்படி என்று கேட்காதீர்கள். அழுதுகொண்டு தின்றவனுக்கு ருசி தெரியாது. கண்ணீரைப் பார்த்து, "காரமா கீதா?" என்று கேட்டார். "ஓம்" என்றேன்.

வெள்ளிக்கிழமை புட்டியோடு தியாகராய நகருக்குப் போனேன். பேராசிரியர் பூதக்கண்ணாடியைப் போட்டு வெகுநேரம் பார்த்தார். மிளகாய் விதையை ஒரு ஊசியால் ஒதுக்கினார். நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "முட்டைதான். பெரிய முட்டை. ஆனா எந்த மீனோட முட்டைன்னு எதை வச்சுச் சொல்வீங்க? மடிப்பு போயிடுச்சு, உடம்பு தனியா போயிடுச்சு" என்றார். கன்னியம்மா சொன்ன புடவைக் கொசுவத்தைச் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அந்தம்மா பார்த்திருக்காங்க. சத்தியமா பார்த்திருக்காங்க. நான் நம்பறேன். ஆனா லண்டனுக்கு அந்தம்மாவை எப்படிய்யா அனுப்பறது?" என்றார். காபி கொடுத்தார். இரண்டு பேரும் அந்த ஈரச் சுவரைப் பார்த்துக்கொண்டு குடித்தோம்.

பிறகும் மூன்று நாள் எல்லப்பனோடு வலைக்கருகில் கிடந்தேன். இறால் வந்தது, கெளுத்தி வந்தது, யாருடைய ஒற்றைச் செருப்போ வந்தது. விலாங்கு வரவில்லை. பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் என்று விலாங்கைச் சொல்வார்கள். எனக்கு இரண்டையும் காட்டாமல் போயிற்று. நாலாம் நாள் வெள்ளம் வடிந்தது. என் லீவும் முடிந்தது.

ஊருக்குப் புறப்படும் காலையில் சொல்லிக்கொள்ளக் குப்பத்துக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுவதென்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு போனேன். அக்கா, எனக்கு வியாதியே இல்லை. நீங்கள் வதக்கியது என் மூன்று வருஷம். குற்றம் உங்களதல்ல, என்னுடையது. இப்படியெல்லாம்.

கன்னியம்மா தகரப் பெட்டியைத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார். "நீங்களே வச்சிருங்கோ" என்றேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கருவாடு போட்டு வைக்கலாமாம். வழக்கம்போல வலையை மடித்து எடுத்தவர், போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"இப்ப எப்டி கீது நைனா? கேட்டுச்சா?"

மூன்று வருஷம் எனக்காகக் கவலைப்பட்ட முகம் அது. ஊரில் என் மாமனாரும் இதே மாதிரி வாசலில் நின்று கேட்கப் போகிறார். அவருக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியாது. இவருக்காவது ஒரு நல்ல பதில் இருந்தது.

"ஓம் அக்கா. கேட்டிட்டுது" என்றேன்.

"நான் சொல்லல?" என்று புருஷனைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார். பிறகு வலையை உதறி வேலியில் காயப் போட்டார். "அப்போ இனிமே உனுக்கு இது வேணாம். எல்லாரு மாரியும் குந்து நைனா" என்றார்.

கட்டுமரத்தின் வெறும் கட்டை மேல் குந்தினேன்.